தையல் பாட வீடியோவுக்குக் குறைந்த செலவில் கேமரா, லைட்: எதை முதலில் வாங்குவது?

நூல்கண்டு:

வணக்கம். என் அக்கா தையல் கற்றுக்கொடுக்கிறார். வகுப்புக்கு நேரில் வர முடியாதவர்கள் பாடங்களை வீடியோவாகக் கேட்கிறார்கள். எடுத்துத் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. இதுவரை கைப்பேசியில்தான் எடுக்கிறேன். சுவரில் உயரத்தில் இருக்கும் டியூப் லைட்தான் வெளிச்சம்.

சில குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கருப்புத் துணியில் கருப்பு நூலால் தைத்தால் ஒன்றுமே தெரிவதில்லை, மொத்தமும் ஒரு கருப்புத் திட்டாக விழுகிறது. மேசையில் வெள்ளைத் துணியை விரித்த உடனே படம் முழுவதும் இருட்டாகிறது, அக்காவின் கைகூடக் கருத்துப்போகிறது. மெரூன் துணி பழுப்பாகத் தெரிகிறது. "இது என்ன கலர்?" என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். சில வீடியோக்களில் பட்டை பட்டையாக ஏதோ படத்தின் மேல் ஊர்ந்து போகிறது.

வாங்கலாம் என்று குறித்து வைத்திருப்பவை: கிட் லென்ஸோடு ஒரு மிரர்லெஸ் கேமரா, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், 18 அங்குல ரிங் லைட், காலர் மைக். எல்லாவற்றுக்கும் பணம் இல்லை, பாதிக்கு இருக்கிறது. எந்தப் பாதியை வாங்க? ஊசி இறங்குவதும் காஜா எடுப்பதும் நெருக்கத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். எனக்கு அதுதான் முக்கியம்.

ஓரவெளிச்சம்:

வணக்கம். கைவேலை சொல்லித்தரும் வீடியோ எடுப்பதுதான் என் தொழில். மரச் செதுக்கல், நகை வேலை, புத்தகம் கட்டுதல், தையல் எல்லாம் எடுத்திருக்கிறேன். உங்கள் பட்டியலில் காலர் மைக்கை வைத்துக்கொள்ளுங்கள். கேமராவையும் 50 மி.மீ. லென்ஸையும் தள்ளிப்போடுங்கள். ரிங் லைட்டை அடித்தே விடுங்கள்.

ஏன் ரிங் லைட் வேண்டாம் என்பதை முதலில் சொல்கிறேன், உங்கள் பிரச்சினையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. அந்த லைட் லென்ஸைச் சுற்றி நின்று நேராக அடிக்கும். லென்ஸ் பார்க்கும் திசையிலேயே வெளிச்சமும் போவதால் நிழல் விழுவது லென்ஸுக்குத் தெரியாது. முகத்துக்கு அது சரி, தோலின் சுருக்கம் மறையும். ஆனால் தையல் என்பதே துணியின் மேல் ஒரு நூல் கனத்துக்கு இருக்கும் மேடும் பள்ளமும்தான். அந்தச் சின்ன நிழலை அழித்துவிட்டால் கருப்பில் கருப்பைக் காட்ட வேறு வழியே கிடையாது. போதாததற்கு ஊசிக்குக் கீழே இருக்கும் உலோகத் தட்டில் அந்த வளையம் அப்படியே பளிச்சென்று தெரியும்.

கருப்புத் துணிக்கு வெளிச்சத்தைக் கூட்டுவதைவிடக் கோணத்தை மாற்றுவது பலன் தரும். காசு செலவழிக்கும் முன்னால் இன்று இரவே இதைச் செய்து பாருங்கள். டியூப் லைட்டை அணையுங்கள். கருப்புத் துணியில் கருப்பு நூல் தையலை மேசையில் வையுங்கள். ஒரு டார்ச்சைத் துணிக்கு நேர் மேலே பிடித்துப் பாருங்கள். அப்புறம் அதைப் பக்கவாட்டில் மெல்ல இறக்கிக்கொண்டே வாருங்கள். வெளிச்சம் துணியை உரசிக்கொண்டு போகும் கோணத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தையலும் தனித்தனியாக எழுந்து நிற்கும், துணியின் நெசவுகூடத் தெரியும். நீங்கள் வாங்க வேண்டியது அந்தக் கோணத்தில் அசையாமல் நிற்கும் ஒரு விளக்கு.

எந்தப் பக்கம் வைப்பது? அக்கா வலது கைக்காரர் என்றால் அவருக்கு இடப்பக்கம், கொஞ்சம் முன்னால். வலது கையின் நிழல் வேலையின் மேல் விழாது. மெஷினின் தூணும் கைச் சக்கரமும் ஊசிக்கு வலப்பக்கம்தான் இருக்கின்றன, அதனால் அவற்றின் நிழலும் விலகிவிடும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் பலகையைச் சாய்த்து வையுங்கள். வெள்ளை, வெளிர் நிறத் துணிகளுக்கு அது நிழலை இளக்கிக் கொடுக்கும். கருப்புத் துணி வரும்போது பலகையை எடுத்துவிடுங்கள், அங்கே நிழல்தான் பாடம் நடத்துகிறது.

லைட் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. 60 வாட் அளவில், முன்பக்கம் ஒற்றை எல்இடி வட்டம் இருக்கும் வகை போதும். மாட்டும் வளையம் போவன்ஸ் மவுண்ட்டாக இருக்கட்டும், பல கம்பெனிகளின் சாஃப்ட்பாக்ஸும் (ஒளியை மென்மையாக்க விளக்குக்கு முன்னால் மாட்டும் துணிப் பெட்டி) அதில் சேரும், நாளைக்கு லைட்டை மாற்றினாலும் சாஃப்ட்பாக்ஸ் வீணாகாது. சாஃப்ட்பாக்ஸ் 60 முதல் 90 செ.மீ. வரை. பெரிய சாஃப்ட்பாக்ஸை அருகில் வைத்தால் நிழலின் விளிம்பு மென்மையாகும், அதையே தூரத்தில் வைத்தால் கடினமாகும். 2 மீட்டரில் இருந்து 1 மீட்டருக்குக் கொண்டுவந்தால் வெளிச்சமும் ஏறக்குறைய 4 மடங்கு கூடும். பெரிய வாட் விளக்குக்குக் காசு கொடுப்பதைவிட ஸ்டாண்டை ஓர் எட்டு நகர்த்துவது மலிவு. நிறம் மாற்றும் ஆர்ஜிபி வசதிக்குப் பணம் கொடுக்காதீர்கள், தையல் பாடத்தில் நீல ஒளிக்கும் ஊதா ஒளிக்கும் வேலை இல்லை.

மெரூன் துணி பழுப்பாவதற்கு உங்கள் டியூப் லைட் ஒரு காரணமாக இருக்கலாம். விளக்கின் நிறத் துல்லியத்தை சிஆர்ஐ என்ற எண்ணால் சொல்வார்கள், உச்சம் 100. வீட்டு விளக்குகள் பெரும்பாலும் 80 பக்கம் இருக்கும். வீடியோவுக்கு 95க்கு மேல் பாருங்கள். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தப் பொது எண்ணை முதல் 8 மாதிரி நிறங்களை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள், எல்லாமே வெளிர் நிறங்கள். ஆழ்ந்த சிவப்பு ஆர்9 என்று தனியாக வரும், பொது எண்ணில் சேராது. ஆகவே சிஆர்ஐ நன்றாக இருந்தும் சிவப்பில் சொதப்பும் விளக்குகள் உண்டு. மெரூன், அரக்கு, குங்குமச் சிவப்பு எல்லாம் தைப்பவர் கட்டாயம் ஆர்9 எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். 90ஐ ஒட்டி இருந்தால் நல்லது. அந்த எண்ணைப் பெட்டியிலும் போடாமல் விவரப் பக்கத்திலும் போடாமல் இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

வெள்ளைத் துணி விரித்ததும் இருட்டாவதற்குக் கேமரா வாங்கினாலும் தீர்வு வராது. தானியங்கி எக்ஸ்போஷர், அதாவது படத்தின் வெளிச்ச அளவைக் கேமராவே முடிவுசெய்யும் வசதி, செய்யும் வேலை அது. படச் சட்டத்துக்குள் (ஃப்ரேம்) வெள்ளை நிறைந்தால் "வெளிச்சம் அதிகம்" என்று எண்ணிப் படத்தைக் குறைக்கிறது. மெரூன் துணி சட்டத்தை நிறைக்கும்போது தானியங்கி வொயிட் பேலன்ஸும் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது) இதேபோலக் குழம்பும். இரண்டையும் பூட்டிவிடுங்கள். பிளாக்மேஜிக் கேமரா என்ற செயலி இலவசம். ஆண்ட்ராய்டில் ஓபன் கேமராவும் இலவசம். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளியை வாங்கும் நேரம்), வொயிட் பேலன்ஸ் மூன்றையும் கையால் வைக்கலாம். பகலொளி நிற எல்இடி என்றால் வொயிட் பேலன்ஸை 5600 கெல்வின் என்று வைத்துப் பூட்டுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிட்டு எடுங்கள், இரண்டு வித ஒளி கலந்தால் எந்தப் பூட்டும் உதவாது.

ஊர்ந்து போகும் பட்டை மின்சாரத்தின் துடிப்பால் வருவது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். அங்கே ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள், நொடிக்கு 25 சட்டங்கள் (ஃப்ரேம்) எடுங்கள். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120, நொடிக்கு 30 சட்டங்கள். பட்டை போய்விடும்.

இனி அந்த 50 மி.மீ. லென்ஸ். எஃப் 1.8 என்றால் இருட்டிலும் எடுக்கலாம், பின்னணி மங்கும் என்று எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். உங்கள் வேலைக்கு அது எதிரி. நெருக்கத்தில் எஃப் 1.8 திறந்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். ஊசி முனை தெளிவாக இருந்தால் விரல் மங்கும், விரல் தெளிந்தால் துணி மங்கும். நீங்கள் லென்ஸின் திறப்பைச் சிறிதாக்கி எஃப் 8 பக்கம் போக வேண்டும். எஃப் 1.8இல் இருந்து எஃப் 8க்குப் போனால் ஏறக்குறைய 20 மடங்கு வெளிச்சம் தேவை. லென்ஸுக்கு முன்னால் லைட் வாங்குங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இந்தக் கணக்கால்தான். இன்னொன்று, கேனனின் டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்கான இஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் 35 செ.மீ. தூரத்துக்கும் கிட்டே போனால் ஃபோகஸ் ஆகாது. கூடவே தரும் 18-55 எஸ்டிஎம் கிட் லென்ஸ் 25 செ.மீ. வரை போகும். எல்லோரும் குறை சொல்லும் கிட் லென்ஸ்தான் கைவேலைக்கு நல்லது. கைப்பேசியின் சென்சார் சின்னது என்பதால் அதில் தெளிவின் ஆழம் இயல்பாகவே அதிகம். உங்களிடம் இருப்பதே இந்த வேலைக்குப் பொருந்துகிற கருவி.

பழைய_பாடி:

மேலே சொன்ன லைட் விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. கேமராவைத் தள்ளிப்போடுவதில்தான் கருத்து வேறு.

கைப்பேசியை மேசைக்கு மேலே ஒரு மணி நேரம் நிறுத்தி 4கேயில் எடுத்துப் பாருங்கள். சூடாகிறது, இடம் நிறைகிறது, நடுவில் அழைப்பு வருகிறது. நெருங்கிப் போனால் பல கைப்பேசிகள் தாமாகவே அல்ட்ரா வைட் லென்ஸுக்குத் தாவும், படத்தின் நிறமும் சட்டென்று மாறும். பழைய கேமராக்கள் இன்று நல்ல மலிவு. பானாசோனிக் ஜி7 வந்தது 2015இல், 4கே எடுக்கும், மைக் துளை உண்டு, திரையைத் திருப்பலாம். கேனன் 200டி 2017இல் வந்தது, 4கே கிடையாது, ஆனால் முழு எச்டியில் ஆட்டோஃபோகஸ் நிதானமானது. கொஞ்சம் கூடப் போட முடிந்தால் 2021இல் வந்த சோனி இசட்வி-இ10: மைக் துளையும் உண்டு, ஹெட்ஃபோன் துளையும் உண்டு.

கேனன் எம்50 மலிவாகக் கிடைத்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 4கேயில் அது படத்தை இன்னும் 1.6 மடங்கு வெட்டும், டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸும் (கேனனின் வேகமான ஃபோகஸ் முறை) 4கேயில் வேலை செய்யாது. முழு எச்டி கேமரா என்று எண்ணி வாங்கினால் நல்ல கேமரா.

பழையது வாங்கப் போகும்போது ஷட்டர் எண்ணிக்கையை (இதுவரை எத்தனை படம் எடுத்தது என்பதை) மட்டும் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். அது புகைப்படக்காரருக்கான எண். வீடியோவுக்கு வேறு சோதனை: மைக்கைச் சொருகி ஒயரை அசைத்துப் பாருங்கள், சத்தம் விட்டுவிட்டு வந்தால் துளை தளர்ந்திருக்கிறது. திரையை எல்லாப் பக்கமும் திருப்பும்போது படம் அணைகிறதா பாருங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓவைக் கூட்டி ஒரு நிமிடம் எடுத்தால் எரிந்த புள்ளிகள் கருப்பில் தெரியும். பேட்டரி உப்பியிருந்தால் உள்ளே சிக்கும், வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக, 20 நிமிடமாவது தொடர்ந்து ஓடவிட்டுப் பாருங்கள், விற்பவர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

காதோரம்:

நான் ஒலிப் பக்கத்து ஆள். மைக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

தையல்காரர் கழுத்தில் அளவு நாடா தொங்கும். காலர் மைக்கோடு அது உரசினால் ஒவ்வொரு அசைவுக்கும் கரகரவென்று விழும், அதை எந்த மென்பொருளாலும் சுத்தமாக நீக்க முடியாது. எடுக்கும் நேரத்தில் நாடா மேசையில் இருக்கட்டும்.

மெஷின் ஓடும்போது பேச வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். முதலில் பேசி, அப்புறம் தைக்கட்டும், இல்லையென்றால் தைக்கும் பகுதிக்குப் பிறகு குரல் கொடுக்கலாம். மெஷின் சத்தத்தை முழுவதும் எடுத்துவிடாதீர்கள், கற்பவருக்கு அந்த ஓட்டத்தின் வேகமும் ஒரு தகவல்.

வாங்கும் முன் பிளக்கைப் பாருங்கள். இரண்டு கருப்பு வளையம் இருந்தால் கேமராவுக்கானது, மூன்று வளையம் இருந்தால் கைப்பேசிக்கானது. மாறிவிட்டால் சத்தமே பதிவாகாமல் போகலாம். மாற்றும் ஒயர் மலிவுதான், முதலிலேயே ஒன்று வாங்கி வையுங்கள். ஹெட்ஃபோன் துளை இல்லாமல் சார்ஜர் துளை மட்டும் உள்ள கைப்பேசி என்றால் அதற்கேற்ற முனை உள்ள மைக் வாங்குங்கள்.

அறை எதிரொலிக்குமோ என்று கவலைப்பட வேண்டாம். தையல் அறையில் துணி மூட்டைகளும் தொங்கும் உடைகளும் இருக்குமே, அவை எதிரொலியை நன்றாகவே உறிஞ்சும். அவற்றைக் கேமராவின் பின்பக்கம் அடுக்குங்கள்.

நூல்கண்டு:

எல்லோருக்கும் நன்றி. டார்ச்சை வைத்துப் பார்த்தோம். அக்காவே கிட்டே வந்து "இப்படித் தெரியுமா!" என்று கேட்டார். எக்ஸ்போஷரைப் பூட்டியதும் வெள்ளைத் துணிப் பிரச்சினையும் தீர்ந்தது. 1/50 வைத்ததும் பட்டையும் இல்லை.

மூன்று கேள்விகள் மிச்சம். ஒரே லைட் போதுமா, அக்காவின் முகத்துக்கு இன்னொன்று வேண்டுமா? 4கே அவசியமா? மேசையில் இறுக்கும் கைப்பேசி ஸ்டாண்ட் ஒன்று வாங்கினேன், மெஷின் ஓடும்போது படம் அதிர்கிறது. அதற்கு கிம்பல் (கேமராவின் ஆட்டத்தைத் தணிக்கும் கருவி) வாங்க வேண்டுமா?

ஓரவெளிச்சம்:

கிம்பல் வேண்டாம். மேசையின் அதிர்வு ஸ்டாண்டின் வழியாக ஏறுகிறது, அவ்வளவுதான். கைப்பேசி ஸ்டாண்டின் பாதம் மேசையைத் தொடவே கூடாது. தரையில் நிற்கும் கனமான லைட் ஸ்டாண்டும், அதில் குறுக்காக நீளும் ஒரு கையும் வாங்குங்கள். மரத்தரை என்றால் மெஷினின் கால்களுக்குக் கீழே தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். அப்படியும் ஊசி வேகமாக இறங்குவது 1/50இல் கோடாகத்தான் தெரியும். ஷட்டரைக் கூட்டி அதைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். கைச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லித் தனியாக ஒரு ஷாட் எடுங்கள். நூல் கொக்கியில் மாட்டுவதையும் பாபின் நூல் மேலே வருவதையும் அப்போதுதான் கற்பவர் பார்க்க முடியும்.

முகத்துக்குத் தனி லைட் இப்போது வேண்டாம். முகம் வரும் பகுதிகளையும் கைகள் வரும் பகுதிகளையும் தனித்தனியாக எடுங்கள். கைகளின் ஷாட்டுக்கு விளக்கு இறங்கி இருக்கும், முகத்துக்கு அதே விளக்கைத் தலைக்குச் சற்று மேலே ஏற்றி, பக்கவாட்டில் வைத்தால் போதும். பகலில் ஜன்னலும் நல்ல விளக்குதான். ஆனால் மேகம் வந்து போகும்போது ஒரே பாடத்துக்குள் வெளிச்சம் மாறும், வெட்டி ஒட்டும்போது தவிப்பீர்கள். மெரூனைச் சரியாகக் காட்டவும் நிலையான ஒரே விளக்குதான் வேண்டும்.

வாங்கிய விளக்கின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்ததும் பட்டை திரும்பி வந்தால் பயப்படாதீர்கள். சில எல்இடிகள் வேகமாக அணைந்து எரிவதன் மூலம்தான் மங்குகின்றன. கடையிலேயே சோதிக்கலாம்: கைப்பேசி ஷட்டரை 1/1000 வைத்து, விளக்கை 100 சதவீதத்திலும் 20 சதவீதத்திலும் எடுத்துப் பாருங்கள். குறைவான நிலையில் மட்டும் பட்டை வந்தால் வேறு விளக்கு கேளுங்கள். விசிறியின் சத்தத்தையும் அங்கேயே ஓடவிட்டுக் கேளுங்கள், விளக்கு அக்காவின் மைக்குக்கு ஒரு மீட்டருக்குள்தான் நிற்கப் போகிறது.

4கே உங்களுக்கு உண்மையாகவே உதவும். நீங்கள் வெளியிடுவது முழு எச்டி என்றால் 1920க்கு 1080. 4கே என்பது 3840க்கு 2160. எடிட்டிங்கில் 2 மடங்கு வரை நெருங்கினாலும் தெளிவு குறையாது. ஆக, மேலிருந்து எடுக்கும் ஒரே ஷாட்டில் மேசை முழுவதும் ஒரு காட்சி, காஜா மட்டும் இன்னொரு காட்சி. இரண்டாவது கேமராவின் வேலை மிச்சம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே இதைச் செய்யலாம், கணினி மட்டும் ஓரளவு பலமாக இருக்க வேண்டும்.

பழைய கேமரா பற்றி மேலே நண்பர் சொன்னது முழுக்க உண்மை, நீண்ட பாடங்கள் எடுக்கத் தொடங்கினால் ஜி7 மாதிரி ஒன்று உங்களுக்குத் தேவைப்படும். அதை வாங்கும் நாளில் வி30 என்று அச்சிட்ட கார்டு வாங்குங்கள், நொடிக்கு 30 மெகாபைட் எழுதும் என்பது அதன் பொருள். நொடிக்கு 100 மெகாபிட் 4கேக்குத் தேவை 12.5 மெகாபைட்தான், தாராளமாகப் போதும். அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும், எனவே 64 ஜிபிக்குக் குறைத்து வாங்காதீர்கள். ஃபோகஸைக் கையால் வைத்துப் பூட்டுங்கள், இல்லையென்றால் விரல் நுழையும்போதெல்லாம் ஆட்டோஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும். ஆனால் அது அடுத்த சுற்று. இப்போது லைட், சாஃப்ட்பாக்ஸ், இரண்டு ஸ்டாண்ட், குறுக்குக் கை, மைக். இவ்வளவுக்கும் உங்கள் பாதிப் பணத்தில் இடம் இல்லை என்றால் சாஃப்ட்பாக்ஸை விட்டுவிட்டு விளக்குக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியைத் தனிச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். துணி விளக்கைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். ஸ்டாண்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

குறுக்குக் கையை மாட்டும்போது ஸ்டாண்டின் மூன்று கால்களில் ஒன்று அந்தக் கை நீளும் திசையிலேயே இருக்க வேண்டும். கையின் மறுமுனையில் கைப்பேசியைவிடக் கனமான மணல் பையைத் தொங்கவிடுங்கள். கைப்பேசியை ஒரு கயிற்றால் கையோடு சேர்த்துக் கட்டுங்கள். எல்லாத் திருகையும் இறுக்கி, கையைக் கீழ்நோக்கி ஒருமுறை நன்றாக அழுத்திப் பார்த்த பிறகு அக்காவை மெஷின் முன்னால் உட்காரச் சொல்லுங்கள். அவர் தலையும் விரல்களும் அதற்கு நேர் கீழே இருக்கப் போகின்றன.